வியாழன் வரை

தொட்டியிலிருந்து தூக்கும்போதே
முதுகு சொல்லிவிட்டது: பதினெட்டுக் கிலோ குறையாது.
புர்னோவில் பழைய பாலிடெக்னிக்கை இடிக்கிறார்கள்.
ஸ்விதவா ஆற்றங்கரையில்
கதவுகள் தனியாக, ரேடியேட்டர்கள் தனியாக;
இந்த அலைகாட்டி மட்டும்
முகம் கவிழ்ந்து மழையில்.

ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எதிர் இருக்கைக் குழந்தை
வட்டத் திரையில் தன் மூக்கைக் கண்டு சிரித்தது.
அன்று அதில் தெரிந்த ஒரே காட்சி அதுதான்.

இப்போது சாப்பாட்டு மேசை முழுக்க அதுவே.
நான்கு நாளாக நின்றபடி சாப்பிடுகிறோம்.
ரொஸ்திஸ்லாவ் ஒன்றும் சொல்வதில்லை.
ரொட்டித் துணுக்குகளை மட்டும்
அதன் காற்றுத்துளைக்குள் போகாமல்
ஓரமாகத் தள்ளிவிடுகிறான்.

வேலைக்கு நான் கொண்டுபோகும் டிஜிட்டல் கருவி
சாக்லேட் கட்டி அளவு.
அலையைப் பிடிக்கும், நிறுத்தும், பத்திரப்படுத்தும்.
இதற்குச் சூடேறவே அரை மணி நேரம்.
வந்ததை வந்தபடி வரையும்,
போனதைப் போகவிடும்.
நினைவு கிடையாது.

இல்லை, ஒன்று இருக்கிறது:
திரையின் குறுக்கே எரிந்து பதிந்த ஒரு கோடு.
ஒளியைக் குறைக்க மறந்து
யாரோ சாப்பிடப் போன மதியம்.

மூடியில் பதினொரு திருகு.
பன்னிரண்டாவதின் இடத்தில் தீக்குச்சி.
ஒரு கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு
மறுகையால் மிச்ச மின்சாரத்தை இறக்கினேன்.
எத்தனை வருடம் அணைந்து கிடந்தாலும்
இதுகளை நம்பக்கூடாது.

மின்தேக்கிகள் ஆறு வீங்கியிருக்கின்றன.
இரண்டு கசிந்து, பலகையில் தேன் நிறக் கறை.
மின்மாற்றியில் உயிர் இருக்கிறது, இருக்கலாம்.
தார் வாசனை அடிக்கிறது, அது நல்லதற்கில்லை.

ஹினெக் வந்தான். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவன்.
சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல்
வால்வு வால்வாக விளக்கடித்துப் பார்த்தான்.
"நாலாயிரம் கொருனா. வால்வுக்கு மட்டும்.
பெட்டியை நீயே வைத்துக்கொள்."

இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்
என்பதெல்லாம் யானைக்கு.
இதற்கு இறந்தால் நாலாயிரம்,
இருந்தால் மின்கட்டணம்.

சரி, பிழைக்க வைத்து எதை அளப்பது?
நான் லிஃப்ட் மெக்கானிக்.
ஏழாம் மாடியில் மாட்டிக்கொண்ட பெண்மணிக்கு
அலையின் அழகு அவசியமில்லை,
கதவு திறந்தால் போதும்.

அவனுக்குத் தலையாட்டிவிட்டு
வால்வுகளைப் பிடுங்கத்தான் உட்கார்ந்தேன்.
மூன்றாவதற்குப் பின்னால்
பொருந்தாத ஒரு மின்தடை.
மற்றவற்றைவிட இரு மடங்கு தடிமன்,
கால்களை நறுக்காமல் அவசரமாகப் பற்றவைத்தது,
விருந்துக்குச் செருப்போடு வந்தவன் மாதிரி.
அதன் கழுத்தில் ஒரு காகிதத் துண்டு.
பென்சில் எழுத்து:
"தற்காலிகம். வியாழன் வரை. டி. கே."
கீழே தேதி, 13. 3. 1979.

நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.
இரண்டு நாள் தாங்கினால் போதும் என்று வைத்தது.

அளந்தேன்.
வண்ணப் பட்டைகள் சொல்வது நாற்பத்தேழு கிலோ ஓம்.
மீட்டர் சொல்வது நாற்பத்தொன்பது.
அவ்வளவுதான் சறுக்கல்.

டி. கே. ஆணா பெண்ணா தெரியாது.
புதன்கிழமை சரியான உதிரி வரவில்லையா,
வந்தும் சோம்பலா, வேறு வேலை கிடைத்துப் போனாரா.
அந்த வாரம் வகுப்பில் அலை ஓடியிருக்கிறது;
அது மட்டும் நிச்சயம்.

பிடுங்கிய இரண்டு வால்வுகளையும்
அதே துளைகளில் திரும்பச் செருகினேன்.
ஆறு மின்தேக்கிகளுக்கு விலை பார்த்தேன்.
வாங்கவில்லை. பார்த்தேன்.

ஹினெக்குக்குச் செய்தி அனுப்பினேன்:
வியாழன் வரை பொறு.
எந்த வியாழன் என்று எழுதவில்லை.
அவனும் கேட்கவில்லை.

குளியலறையிலிருந்து ரொஸ்திஸ்லாவ்
இஸ்திரிப் பலகையைத் தூக்கிவந்து விரித்தான்.
அதன்மேல் இரண்டு தட்டு, பூண்டு சூப்.
உட்கார்ந்தோம்.
கொஞ்சம் ஆடியது.